கில் (யூனிக்ஸ் கட்டளை)

கில் என்பது யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், பிராசஸுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு, சிக்னல் அனுப்பும் கட்டளை. பலர் ஒரே கணினியைப் பயன்படுத்தும் இடங்களில், ஸ்கிரிப்ட் வழியே இதை ஏவும்போது தனிக் கவனம் தேவை.

வரலாறு

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், பல முனையங்களிலிருந்து பலர் வேலை செய்யும் கணினிகளுக்காக வளர்ந்தது. கில் கட்டளை 1973இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் இடம்பெற்றது. பெயரைக் கொண்டு பிராசஸைத் தேடும் பிகில், சோலாரிஸ் 7 உடன் 1998இல் வந்தது.

சிக்னல் வகைகள்

1ஆம் எண் சிக்னல் முனையத் தொடர்பு அறுந்ததைத் தெரிவிப்பது. சர்வர் நிரல்கள் பல இதைக் கண்டதும் அமைப்புக் கோப்பை மீண்டும் படிக்கும். 2ஆம் எண், கன்ட்ரோல்-சி அழுத்தும்போது செல்வது. எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் 15 போகும். அதைப் பெறும் நிரல் திறந்த கோப்புகளை மூடி, தற்காலிகக் கோப்புகளை நீக்கிவிட்டு முடியலாம். 9ஐ எந்த நிரலாலும் தடுக்கவோ புறக்கணிக்கவோ முடியாது. எனவே முதலில் 15, சற்றுப் பொறுத்து, வேறு வழியில்லையென்றால் மட்டும் 9 என்பதே சரியான முறை.

ஆபத்துகள்

கில் கட்டளை எந்தப் பிராசஸுக்கு என்பதைக் காட்டும் பிராசஸ் எண் நிலையானதல்ல. லினக்ஸில் அதன் வழக்கமான உச்சவரம்பு நெடுங்காலம் 32,768 ஆக இருந்தது. உச்சவரம்பை எட்டியதும், காலியான பழைய எண்கள் மறுபடி வழங்கப்படும். சர்வர் ஒன்று தன் எண் 4127 என்று கோப்பில் எழுதிவைத்துவிட்டு இடையில் நின்றுபோனதாகக் கொள்வோம். பின்னர் அதே எண் வேறொருவரின் எடிட்டருக்குப் போயிருக்கலாம். கோப்பை நம்பிக் கில் ஏவும் ஸ்கிரிப்ட் சாதாரணப் பயனருடையதென்றால் அனுமதி மறுக்கப்படும். ரூட் (நிர்வாகி) உரிமையில் ஓடினால் எடிட்டர் மூடப்படும், சேமிக்காத வேலையும் போகும்.

பெயரால் தேடுவதிலும் சிக்கல் உண்டு. ஓடும் பிராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலை, சொல் தேடும் கிரெப்பால் வடிகட்டினால் அந்த கிரெப்பே பட்டியலில் அகப்படும். பிகில் கட்டளையில் பயனர் பெயரையும் முழுப்பெயர்ப் பொருத்தத்தையும் சேர்த்துக் குறிப்பிடுவது நல்லது. கில்ஆல் என்னும் கட்டளை லினக்ஸில் பெயர் பொருந்தியவற்றை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

எண் மாறாட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிராசஸைத் தொடங்கிய தாய் பிராசஸ், வெயிட் அழைப்பால் அதன் முடிவைப் பெறும்வரை அந்தச் சேயின் எண் வேறெதற்கும் வழங்கப்படாது. ஆகவே ஒரு சர்வரைத் தொடங்கிய தாயே அதை நிறுத்துவது பாதுகாப்பானது. சர்வர்களைக் கண்காணிக்கும் டி. ஜே. பெர்ன்ஸ்டீனின் டீமன்டூல்ஸ் இம்முறையில் அமைந்தது.

இன்றைய நிலை

லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்க 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி, சர்வர்களை நிறுத்தும் பொறுப்பை ஸ்கிரிப்டுகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. எண் மாறாட்டத்தைத் தவிர்க்கும் பிஐடிஎஃப்டி வசதி 2019 முதல் லினக்ஸில் உள்ளது.