கடைமடையும் ஆங்கிலப் பாடமும்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், பழங்காநத்தத்தைத் தாண்டிப் பசுமலையின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டு, திருப்பரங்குன்றத்து முருகனுக்குப் போகிற போக்கிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திருநகருக்கு வந்து சேருகிற எவரும், காலை எட்டு மணி வேளையில், கழுத்துப்பட்டை கட்டிய குழந்தைகள் மஞ்சள் நிற வண்டிகளில் ஒரு திசையிலும், புத்தகப் பையைத் தோளில் மாட்டிய குழந்தைகள் கால்நடையாக இன்னொரு திசையிலும் போவதைக் காணலாம். இருவகைக் குழந்தைகளின் பெற்றோரும் பள்ளிக்கூடத்திடம் எதிர்பார்ப்பவற்றுள் முதன்மையானது, ‘பிள்ளை நாலு வார்த்தை இங்கிலீஷ் பேச வேண்டும்’ என்பதே. அந்த நாலு வார்த்தையைக் கோடிக்கணக்கான தமிழ்க் குழந்தைகளின் நாவில் ஏற்றுவதற்காக, ராஜ்யம் முழுவதற்குமாகத் திட்டம் வகுத்துச் சர்க்கார் முயன்ற வரலாறு நம்மில் பலர் அறியாதது. அறிந்தால் இன்றைய திட்டங்களை எடைபோடவும் உதவக்கூடியது.

அவ்வரலாற்றின் முன்னுரை திருநகருக்கு அண்மையிலேயே, பசுமலையில் தொடங்குகிறது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வில்லியம் டிரேசி, 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. உபதேசிகளையும் உபாத்தியாயர்களையும் உருவாக்குவதற்காக ஏற்பட்ட அந்த ஸ்தாபனமே, 1881இல் கல்லூரி அந்தஸ்துப் பெற்று, பிறகு மதுரை நகருக்குள் பெயர்ந்து, 1909 முதல் தல்லாகுளத்தில் அமெரிக்கன் கல்லூரியாக நிலைபெற்றது. ஆங்கிலம் கற்பிப்பதா, தாய்மொழியிலேயே போதிப்பதா என்ற தர்க்கம் அந்த மிஷனுக்குள்ளேயே நடந்தது என்பதையும், தாய்மொழியே சமயப் பணிக்கு உகந்தது என்ற கொள்கை ஓங்கியபோது, ஆங்கிலக் கல்விக்குப் பேர்பெற்ற யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது என்பதையும் நினைவுகூர்ந்தால், இன்று நாம் புதிதென்று எண்ணி விவாதிக்கும் விஷயங்களுக்கு எவ்வளவு வயது என்பது விளங்கும்.

அக்காலத்தில் ஆங்கிலம் சிலருக்கே உரிய கல்வியாக இருந்தது. 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பு ஆங்கிலத்துக்கு அரசாங்க ஆதரவைத் தேடித் தந்தது. 1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி ஆணை, உயர்கல்விக்கு ஆங்கிலமும் பொதுமக்கள் கல்விக்கு நாட்டுப் பாஷைகளும் என்று பாகப்பிரிவினை செய்தது. 1857இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபின், மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறுவது ஒன்றே உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் கணிதமும் ஆங்கிலத்திலேயே நடந்தமையால், மாணாக்கன் ஆங்கிலத்தைத் தனியே படித்தான் என்பதைவிட அதிலேயே வாழ்ந்தான் என்பது பொருந்தும். 1938ஐ ஒட்டி உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி போதனா மொழியாகத் தொடங்கியதும், சுதந்திரத்துக்குப்பின் அது உறுதிப்பட்டதும் நியாயமான மாற்றங்களே. ஆனால் ஒன்றை அப்போது பலர் கவனிக்கவில்லை. நாள் முழுவதும் காதில் விழுந்துகொண்டிருந்த பாஷை ஒரு மணி நேரப் பாடமாகச் சுருங்கும்போது, அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலையின் தன்மையே மாறிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பு முறையும் இலக்கண மனப்பாடமும் அந்த வேலைக்குப் போதவில்லை.

இந்தக் குறையைப் போக்கவே, லண்டன் கல்விக் கழகத்தில் உருவான கருத்துக்களைத் தழுவி, 1952இல் சென்னை ராஜ்யத்தில் வாக்கிய அமைப்பு முறையிலான புதிய பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியிலிருந்து வங்காளத்துச் சிறுவர்களின் சிரமங்களை நேரில் கண்ட மைக்கேல் வெஸ்ட், சுமார் 2,000 சொற்கள் அடங்கிய பொதுச்சொற் பட்டியலை 1953இல் வெளியிட்ட காலமும் இதுவே. கற்பிக்க வேண்டிய சொற்களையும் வாக்கிய அமைப்புக்களையும் எண்ணி வரையறுத்து, எளியது முதலிலும் அரியது பின்னுமாக அடுக்கி, எழுத்துக்கு முன்னே பேச்சையும் விதிக்கு முன்னே பழக்கத்தையும் வைப்பது அம்முறையின் சாரம். உபாத்தியாயர் பேனாவைக் கையில் உயர்த்தி ‘திஸ் இஸ் எ பென்’ என்பார்; பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். வாசலை நோக்கி நடந்துகொண்டே ‘ஐ ஆம் கோயிங் டு தி டோர்’ என்பார். நடையே அர்த்தத்தை விளக்கிவிடும். தமிழில் சொல்லித் தரவேண்டிய அவசியம் குறையும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம் என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கேட்கலாம். ‘இது பேனா’ என்று நாம் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறோம். நம் வாக்கியத்துக்கு வினைச்சொல் வேண்டியதில்லை. பேனாவுக்கு முன்னால் ‘எ’ என்றோ ‘தி’ என்றோ ஒன்றைக் கட்டவேண்டியதும் இல்லை. ஆங்கிலமோ நான்கு சொல் கேட்கிறது. அந்த நான்கில் இரண்டுக்கு ஈடான சொல் தமிழ் வாக்கியத்தில் கிடையாது. ‘நான் நேற்று மதுரைக்குப் போனேன்’ என்று வினையைக் கடைசியில் வைத்து நிறுத்தும் பாஷையில் பிறந்தவன், வினையை நடுவில் தூக்கி வைத்துவிட்டு, ஊரையும் நாளையும் பின்னால் தொடுக்கும் பாஷைக்குள் புகும்போது, வீட்டுக்குப் பின்வாசல் வழியாக நுழைகிறவனைப் போல் தடுமாறத்தான் செய்வான். எழுத்திலோ, எழுதியபடியே வாசிக்கும் நம் வழக்கத்துக்கு நேர்மாறாக, எழுதுவது ஒன்றும் ஒலிப்பது ஒன்றுமாக இருக்கிறது. இந்தச் சங்கடங்களை அறிந்து, முதலில் காதையும் நாவையும் பழக்க வேண்டும் என்று சொன்னவரையில் புதிய முறை சரியான பாதையிலேதான் புறப்பட்டது.

ஆனால் அந்த முறை புத்தகத்தில் இல்லை. உபாத்தியாயரின் வாயில் இருக்கிறது. காமராஜர் முதலமைச்சராகவும், சி. சுப்பிரமணியம் கல்வி அமைச்சராகவும், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையின் தலைவராகவும் இருந்த காலத்தில், பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி வந்தது. 1956இல் மதிய உணவு வந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் மூலம் ஊராரே கரும்பலகையும் கூரையும் வாங்கித் தந்தார்கள். முந்தைய தலைமுறையில் எழுத்தறியாதிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தைத் தொடங்கி வைக்க வேண்டியவர்கள், தாங்களே கிராமத்துப் பள்ளியில் படித்துத் தேறி, ஆங்கிலத்தைப் புத்தகத்தில் கண்டதேயன்றி ஒருவர் பேசக் கேட்டறியாத ஆசிரியர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. கற்ற வழியிலேதானே கற்பிக்க முடியும்!

இந்த நிலைமையைச் சமாளிக்க 1950களின் இறுதியில் திட்டமிட்டு, பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை சர்க்கார் மேற்கொண்ட முயற்சிதான், ஆங்கில போதனையின் உலக சரித்திரத்தில் ‘சென்னைப் பனிப்பந்து’ என்று பெயர்பெற்றது. ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் போதிக்கும் 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்துவது அதன் இலக்கு. ஆசிரியர் ஒருவருக்கு நாற்பது பிள்ளைகள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் நாவைத் தொடும் காரியம் அது. இத்தனை பேரையும் நிபுணர்களே நேரில் பயிற்றுவிப்பது இயலாதாகையால், முதலில் ஒரு சிறு குழுவுக்குத் தீவிரப் பயிற்சி தருவது, அவர்கள் தத்தம் ஜில்லாக்களுக்குச் சென்று மேலும் பலரைத் தயார் செய்வது, அந்தப் பலர் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஆசிரியர்களைக் கூட்டி வகுப்பு நடத்துவது என்று வழிவகுத்தார்கள். மலைச்சரிவில் உருண்டு வரும் பனி உருளை, வர வர மேலும் பனியைச் சேர்த்துக்கொண்டு பருப்பது போல, பயிற்சியும் பெருகிக்கொண்டே போகும் என்பது கற்பனை. 1962இல் இம்முயற்சியைப் பற்றி ஆங்கில போதனைக்கான பத்திரிகை ஒன்றில் டி.ஏ. ஸ்மித் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பாகவும் அந்தப் பனிப்பந்தே அமைந்தது.

வெயிலையும் புழுதியையும் அறிந்த மதுரைச் சமவெளிக்குப் பனியுருளை எட்டாத உவமை. நாங்கள் அறிந்தது கண்மாய். மாடக்குளம், தென்கால், நிலையூர் என்று இவ்வட்டாரத்தைச் சூழ்ந்து கிடக்கும் நீர்நிலைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மேட்டு நிலத்துக் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்கு நீர் என்பதும், தலைமடைக்காரன் வயல் குளிர்ந்திருக்கும்போதே கடைமடைக்காரன் வாய்க்காலில் மண் வெடித்துக் கிடக்கக்கூடும் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. பனி உருண்டால் பெருகும். நீரோ ஓட ஓடக் குறையும். பயிற்சி என்பது இவ்விரண்டில் எதைப் போன்றது என்பதே கேள்வி.

என் அபிப்பிராயத்தில் அது நீரைப் போன்றது. நிபுணரிடம் நேரில் கற்றவர் அந்த முறையின் நோக்கத்தையும் கற்றார். அவரிடம் கற்றவர் முறையின் படிகளைக் கற்றார். மூன்றாம் கைக்கு வந்தபோது சடங்கு மட்டும் எஞ்சியது. பேனாவை உயர்த்துவதும் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் ஒப்பிப்பதும் நடந்தன. எதற்காக ஒப்பிக்கிறோம் என்பது மட்டும் நடுவழியில் வற்றிப்போயிற்று. அதற்குமேல், சில வாரப் பயிற்சி ஓர் ஆசிரியருக்குப் போதனா முறையைத் தரலாமேயன்றி, பாஷையைத் தர முடியாது. தன் நாவில் ஆங்கிலம் சரளமாக இல்லாதவர், பாடப்புத்தகத்து வாக்கியத்துக்கு வெளியே பிள்ளை ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தயங்குவார்; தயங்குகிற ஆசிரியர் கேள்வியையே விரும்பமாட்டார். இருந்தாலும் அந்த முயற்சியை ஏளனம் செய்வது நன்றியற்ற செயல். ராஜ்யத்தின் மூலைமுடுக்கிலுள்ள ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் பயிற்சிக்குரியவர் என்று எண்ணி, ஒருவர் விடாமல் அழைக்க முற்பட்ட பெருந்தன்மை அதில் இருந்தது.

இந்த முயற்சியை ஒட்டிய காலத்திலேயே, 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கழகமும், 1963இல் தென் ராஜ்யங்களுக்கெனப் பெங்களூரில் பிராந்திய ஆங்கிலக் கழகமும் நிறுவப்பட்டன. 1968 ஜனவரி 23ஆம் நாள், தமிழும் ஆங்கிலமும் ஆகிய இருமொழிகளே பள்ளிகளில் இருக்கும் என்று சென்னைச் சட்டமன்றம் தீர்மானித்தது. அதே ஜனவரியில்தான், வேற்று மொழி பேசும் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கு உதவும் இருமொழிக் கல்விச் சட்டம் அமெரிக்காவில் கையெழுத்தானது. அங்கே ஆங்கிலம் கற்கும் பிள்ளை, தெருவிலும் கடையிலும் ஆங்கிலம் பேசும் ஊரில் குடியேறிய சிறுபான்மை. இங்கே ராஜ்யத்தின் பிள்ளைகள் அனைவருமே ஆங்கிலம் கற்க வேண்டியவர்கள், ஆனால் தெருவில் கேட்பது தமிழ். ஆகவே அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரு செய்து தரும் உதவியை இங்கே ஆசிரியர் ஒருவரே செய்து தர வேண்டும்.

வாக்கிய அமைப்பு முறையில் அதிருப்தி கொண்ட ஆங்கில போதனை அறிஞர் என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும், நம் பக்கத்தில் சென்னை, கடலூர் ஆகிய இடங்களிலும் சில பள்ளிகளில், இலக்கண அடுக்கை ஒதுக்கிவிட்டு, வரைபடம் பார்த்து வழி சொல்வது, ரயில் கால அட்டவணையைப் பார்த்து விடை காண்பது போன்ற வேலைகளின் மூலம் பாஷையைப் பழக்கிப் பார்த்தார். அந்தச் சோதனை உலகெங்கும் பேசப்பட்டது; ஆனால் நம் ராஜ்யம் முழுவதற்குமான திட்டமாக அது மாறவில்லை. இதற்கிடையில், 1978க்குப்பின் தனி வாரியத்தின்கீழ் வந்த மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகி, வசதியுள்ளவர்கள் தங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்றார்கள். 2011இல் சமச்சீர்க் கல்வி வந்தது. 2012 முதல் சர்க்கார் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருமளவில் திறக்கப்பட்டன. 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழோடும் கணக்கோடும் ஆங்கிலத்தையும் சேர்த்துக்கொண்டது.

பாடத்திட்டம் மாறியது, புத்தகம் மாறியது, போதனா மொழியும் மாறியது. இவை யாவும் தலைமடையில் செய்யும் வேலைகள். கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பின் மேலே நடந்து, யாருடைய வயலுக்கு நீர் ஏறியது, யாருடைய வயலுக்கு ஏறவில்லை என்று கண்ணால் பார்த்து மடையைத் திறப்பவர் அவர். ஆங்கிலக் கல்விக்குத் திட்டம் வகுக்கும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. அடுத்த திட்டத்தை எழுத உட்காருமுன், ஏதேனும் ஒரு கிராமத்துப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கேளுங்கள். அந்த ஆசிரியருக்கு ஆங்கிலம் பேசிப் பழக வாரத்தில் எத்தனை மணி நேரம், யாரோடு கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அதற்கு ஏற்பாடு செய்த பிறகு புத்தகத்தை அச்சுக்கு அனுப்புங்கள்.