ஒரு துளி இரத்தம் உரைப்பது

செந்தூல் இரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உழைத்தனர். அவர்தம் வழியினர் பலர் இன்று நெஞ்சுவலியோடு நாடும் இடம், 1992இல் தொடங்கப்பெற்று, துன் ரசாக் சாலையில் விளங்கும் தேசிய இருதயக் கழகமாகும். இருதயக் குழாயின் அடைப்பை நீக்குமுன் அங்கே சிறிதளவு இரத்தம் எடுக்கப்படுகிறது. அதன் காரணத்தை அறிய வரலாற்றைச் சற்றே புரட்டுதல் வேண்டும்.

1929இல் ஜெர்மானியரான வெர்னர் ஃபோர்ஸ்மன் தம் கைநாளத்தின் வழியே தம் இருதயத்திற்குள்ளேயே குழாயைச் செலுத்தினார். 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் சிறு பலூனால் அடைப்பை விரித்தார். நெஞ்சைப் பிளவாத சிகிச்சை பிறந்தது. கூடவே ஒரு புதிய கவலையும் பிறந்தது. குழாயை எக்ஸ்ரேயில் காட்டும் அயோடின் சாயநீரை வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தையே சாரும். அது நலிந்திருந்தால், இருதயம் பிழைத்தும் நோயாளி துன்புறலாம்.

சிறுநீரகத்தின் நிலையை உரைக்கும் பொருள் கிரியாட்டினின். தசையில் தோன்றும் கழிவு அது. 1886இல் மாக்ஸ் யாஃபே பிக்ரிக் அமிலத்தோடு அது செம்மஞ்சள் நிறங்கொள்வதைக் கண்டார். நூறாண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்கள் அந்நிறத்தையே நம்பி வந்தன.

ஆயினும் இவ்வெண் ஏமாற்றவல்லது. எழுபது கிலோ எடையுள்ள முப்பது வயதுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர். நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர். இருவர்க்கும் கிரியாட்டினின் 1.0 மில்லிகிராமே என்க. 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் இருவரும் வகுத்த சூத்திரத்தால் கணக்கிட்டால், தொழிலாளியின் சிறுநீரக வடிதிறன் நிமிடத்திற்கு ஏறத்தாழ 107 மில்லிலிட்டர். மூதாட்டிக்கோ 35 மட்டுமே! எண் ஒன்று, ஆபத்து வேறு. தசை மெலிந்த நம் பாட்டிமாரின் அறிக்கையில் 'இயல்பு' என்றிருப்பதைக் கண்டு மகிழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

2004இல் ரொக்ஸானா மெஹ்ரான் குழுவினர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து, சிகிச்சைக்குப்பின் சிறுநீரகம் கெடும் வாய்ப்பை முன்னுரைக்கும் மதிப்பெண் முறையொன்றை வகுத்தனர். முதுமை, நீரிழிவு, இரத்தசோகை, இருதயத் தளர்ச்சி, தாழ்ந்த இரத்த அழுத்தம், சாயநீரின் அளவு, கிரியாட்டினின் ஆகியன அதில் இடம்பெற்றன. ஐந்து புள்ளிக்கு மேற்படாதோரில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர்க்கே கேடு; பதினாறும் அதற்கு மேலும் பெற்றோரிலோ பாதிக்கும் மேல். சாயநீரின்மீது பழி சற்று மிகுதியாகவே சுமத்தப்பட்டதென இன்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திலும் நியாயம் உண்டு. நலிந்த சிறுநீரகம் நலிந்த உடலின் அடையாளமுமன்றோ!

நீரிழிவு மலேசிய இந்தியரிடையே பிற இனத்தாரினும் மிகுதி என்பதை 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. எனவே இம்மதிப்பெண் நமக்கு அயலானதன்று. ஆபத்து முன்கூட்டித் தெரிந்தால் மருத்துவர் சாயநீரைக் குறைப்பார்; நரம்புவழி உப்புநீர் ஏற்றுவார்; இரண்டு மூன்று நாளில் மீண்டும் இரத்தம் சோதிப்பார். கடும் மாரடைப்பிலோ எண்ணுக்காகக் காத்திருக்க நேரமில்லை. அடைப்பைத் திறப்பதே முதற்பணி, கணக்கு பின்னரே.