சானடோரியம் ஸ்டேஷனும் ஒரு கடைசி பெஞ்சும்



பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வரும். "சானடோரியம்னா என்னப்பா?" என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளைக் கேட்பேன். வரலாறு நடத்திய வாய் சும்மா இருக்காது. "ஏதோ ஊர் பேரு சார்" என்பார்கள்.

ஊர் இல்லை. காசநோயாளிகளுக்காக 1928-ல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய மருத்துவமனை. அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான் வைத்தியம். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

பிறகு மருந்துகள் வந்தன. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியதும் நம் சென்னையில் நடந்த ஆய்வுதான். இனி சானடோரியம் எதற்கு என்று பல நாடுகளில் அவற்றை மூடினார்கள்.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் தாம்பரத்தின் வார்டுகள் மறுபடி நிரம்பின. காசநோய் ஆஸ்பத்திரிக்கு எய்ட்ஸ் நோயாளிகள் ஏன் வந்தார்கள்? இதைத்தான் நாம் யாரும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

எச்.ஐ.வி. பெரும்பாலும் நேரடியாகக் கொல்வதில்லை. உடம்பின் காவல்காரர்களான சி.டி.4 அணுக்களை அழிக்கிறது. நல்ல உடம்பில் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் காவல் இல்லாத வீடு. வாயில் வெள்ளைப் படலம், நிமோனியா, மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சைத் தொற்று, கண் பார்வையைப் பறிக்கும் வைரஸ் என்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். நம் நாட்டில் முதலில் நுழைவது பெரும்பாலும் காசநோய். அது பலருடைய உடம்பில் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருப்பதுதான். காவல் போனதும் எழுந்துகொள்கிறது.

இனி என் கதை. 1990களின் கடைசியில் எட்டாம் வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். அவன் அப்பா தாம்பரத்தில் படுத்திருந்தார். "அப்பாவுக்கு டி.பி. சார்" என்றான். ஆசிரியர் அறையில், "பொய் சொல்றான், அது எய்ட்ஸ்" என்றார்கள். சில பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். நான் அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பயம், அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் சொன்னது பொய் இல்லை. இரண்டுமே உண்மை. ஒன்று கதவைத் திறந்தது, இன்னொன்று உள்ளே வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் எச்.ஐ.வி. ஒட்டாது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்திருக்கும். அதை நான் செய்யவில்லை.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் சி.டி.4 மறுபடி ஏறும், மற்ற நோய்கள் விலகி நிற்கும். இன்று எச்.ஐ.வி.யோடு வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்கள் ஏராளம். பள்ளியில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று 2017-ல் சட்டமும் வந்துவிட்டது.

ஆனாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இன்றும் காசநோய்தான். காரணம், பலர் பரிசோதனைக்கே தாமதமாக வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம். அந்தப் பயத்தை வளர்த்தவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போதெல்லாம் அந்தக் கடைசி பெஞ்ச் ஞாபகம் வருகிறது. இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பெஞ்ச் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.