எண்பதாயிரம் கலமும் ஒரு வாக்கும்

"கர்த்தர் தேவைகளைச் சந்திப்பார்" என்பது தமிழ்க் கிறிஸ்தவர்கள் அன்றாடம் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். வெளியே நிற்பவர்களுக்கு அது உழைக்க மனமில்லாதவரின் சமாதானமாகப் படுகிறது. உள்ளே இருப்பவர்களில் பலருக்கோ, அண்மைக் காலமாக, வீடும் காரும் தானே வந்து சேரும் என்ற வாக்குறுதியாக ஆகிவிட்டது. இரண்டுமே பிழை. அதைக் காட்ட வேதாகமத்தை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தஞ்சாவூர்ச் சீமையின் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாறே போதும். நெல்தான் வரி, நெல்தான் கூலி, நெல்தான் செல்வம் என்றிருந்த மண்ணில், நெல் வரத்து அடியோடு நின்றுபோன நாட்களில், இந்த விசுவாசம் ஒரு முறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. அப்போது வானத்திலிருந்து எதுவும் விழவில்லை. நாளைக்கென்று தனக்குச் சேர்த்துக்கொள்ளாத ஒரு மனிதரின் சொல்லை நம்பி ஊரார் நெல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கடவுள்மேல் வைத்த நம்பிக்கை, மனிதருக்குள் நாணயமாகப் புழங்கியது என்பதுதான் தஞ்சையின் சாட்சி என்பது என் வாதம்.

1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை, அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு காவிரிக் கரையும் சூறையாடப்பட்டது. அறுவடை நெருங்கும் சமயம் பார்த்தே எதிரிப் படை வந்ததால், விளைந்தது களத்துக்கு வரவில்லை. தஞ்சைக் கோட்டைக்குள் மன்னர் துளஜாவும் அவருக்குக் காவலாக நின்ற ஆங்கிலக் கம்பெனிப் படையும் இருந்தார்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த மக்களும் அடைந்து கிடந்தார்கள். சிப்பாய்கள் பசியால் நிற்கமுடியாமல் சாய்ந்தார்கள். காலையில் தெருவோரமெங்கும் பிணங்கள். இத்தனைக்கும் நாட்டுப்புறத்தில் நெல் அறவே இல்லாமல் போய்விடவில்லை. கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்களுக்குக் கோட்டையின்மேல் நம்பிக்கை இல்லை. முன்பு நெல் கொண்டுவந்தவர்களின் கிரயத்தை இடைத்தரகர்களான துபாஷிகள் இடையில் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மன்னர் உத்தரவு போட்டுப் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவர் ஆங்கில அதிகாரி ஒருவரிடம், நம் இருவர் பேச்சுக்கும் மதிப்புப் போய்விட்டது, ஸ்வார்ட்ஸ் சொன்னால் நம்புகிறார்களா பார்ப்போம் என்றார். குடிகளோடு எப்படி வேண்டுமானாலும் உடன்படிக்கை செய்துகொள்ளும்படி ஒன்றும் எழுதாத வெற்றுத்தாள் ஒன்றை அவருக்கு அனுப்பிவைத்தார்.

கிறிஸ்தியான் ஃப்ரெட்ரிக் ஸ்வார்ட்ஸ் பிரஷ்யாவில் 1726இல் பிறந்தவர். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, பின்னர் திருச்சியிலும் 1778 முதல் தஞ்சையிலும் ஊழியம் செய்தவர். சபையாருக்கு ஸ்வார்ட்ஸ் ஐயர். அந்த வெற்றுத்தாள் கைக்கு வந்ததும் அவர் நாலா பக்கமும் கடிதம் அனுப்பினார். ஒவ்வொருவருக்கும் கிரயத்தைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரி பிடித்துக்கொண்டுபோகும் மாட்டுக்கும் தாமே ஈடு கட்டுவதாகவும் வாக்களித்தார். ஓரிரண்டு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து நாட்டுப்புறத்துக்குப் போய், மிகக் குறுகிய காலத்தில் எண்பதாயிரம் கலம் நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவந்தார்கள். டெல்டாவில் இன்றும் இரண்டு கலம் ஒரு மூட்டை என்பது கணக்கு. அன்றைய கலமும் அதே அளவு என்று கொண்டால், நாற்பதாயிரம் மூட்டை. ஒரு பொதி மாட்டின் முதுகில் இரண்டு மூட்டை ஏற்றினாலும், ஆயிரம் மாடுகள் இருபது நடை நடக்க வேண்டும். எதிரி திரியும் சாலையில், மாட்டையும் நெல்லையும் தன்னையும் ஒரு வெள்ளைக்காரச் சாமியாரின் சொல்லை நம்பி ஒரு குடியானவன் அத்தனை முறை ஒப்படைத்தான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஸ்வார்ட்ஸ் பணம் பட்டுவாடா செய்தார். தம் கையிலிருந்த பிறர் பணத்தையும் எடுத்துத்தான் கொடுக்கவேண்டியிருந்தது. 1782 பிப்ரவரியில் கும்பகோணத்துக்கு அருகே ஆங்கிலக் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை முழுவதும் சிறைப்பட்டபின், கோட்டை மறுபடியும் பட்டினியில் விழுந்தது. அபாயம் முன்னைவிட அதிகம். ஆனாலும் குடிகள் மாடுகளோடு மறுபடி வந்தார்கள். போன முறை கிரயம் ஒழுங்காகக் கிடைத்திருந்தது.

இந்த விவரங்களுக்கு மூலம் ஸ்வார்ட்ஸே 1794இல் எழுதிய கடிதம். இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இந்தியாவின் மிஷனரிகளையும் அவர்களிடம் சேர்ந்தவர்களையும் இழித்துப் பேசியதற்கு மறுமொழியாக எழுதியது அது. தற்காப்புக்காக எழுதியதை எப்படி அப்படியே ஏற்பது என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆனால் அது எழுதப்பட்டபோது பட்டினி நடந்து பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோட்டையில் இருந்த அதிகாரிகளும் குடிகளும் உயிரோடிருந்தார்கள். தென்பகுதிப் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஃபுல்லர்டன், அதற்கு முன்பே 1787இல் வெளியிட்ட தம் நூலில், ஐரோப்பியரின் கெட்ட பெயரைத் துடைத்தவர் என்று இவருடைய நேர்மையைப் போற்றியிருக்கிறார். தற்புகழ்ச்சிக்காக எழுதுபவர், பிறர் பணத்தை எடுத்துக் கொடுத்தேன் என்று கணக்குப் பார்ப்பவரை உறுத்தும் ஒரு செய்தியைத் தாமாக எழுதிவைக்கவும் மாட்டார்.

இந்த நாணயம் ஒரே நாளில் விளைந்ததல்ல. அதன் வேர் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கிறது. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1695இல், தம் வீட்டு ஏழைகள் பெட்டியில் விழுந்த ஒரு சிறு தொகையை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அது வளர்ந்து பெரிய அனாதை இல்லமாயிற்று. கையில் காசு தீர்ந்த நாளில் எதிர்பாராத இடத்திலிருந்து உதவி வந்த கதைகளை அவர் நூலாகவே எழுதினார். அதே ஃபிராங்கே மருந்துச்சாலையும் அச்சகமும் நடத்தினார், வரவு செலவை எழுதிவைத்தார். அவர் வழிவந்த தரங்கம்பாடி மிஷனின் செய்திகள் 1710 முதல் ஹாலேயில் அச்சாகிக் காணிக்கை கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. ஜெபமும் கணக்கும் அங்கே ஒரே மேசையில் இருந்தன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குக்கு அனுப்பப்பட்ட பணம், 1708இல் கரைக்கு வரும் வழியில் கடலில் மூழ்கிப்போயிற்று. அதே ஆண்டு அந்த ஊரின் டேனிஷ் தளபதி அவரைச் சிறையிலும் அடைத்தார். அதற்குப் பிறகும் அவர் பள்ளி நடத்தினார், 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். கப்பல் வருமா வராதா என்று தெரியாத வாழ்க்கையில்தான் இந்த விசுவாசம் பழகியது.

ஸ்வார்ட்ஸ் பணத்தைக் கையாண்ட விதமும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. திருச்சியில் படைக்குக் குருவாக இருந்ததற்குக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுண்டு கொடுத்தபோது, பாதியை மிஷன் காரியத்துக்கு ஒதுக்கினார். 1779இல் சென்னை அரசாங்கத்தின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைச் சந்தித்தார். ஹைதர் வழிச்செலவுக்கென்று கொடுத்தனுப்பிய 300 ரூபாயைச் சென்னையில் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னதும், தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை முதலாக்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. போர்க் காலத்துக்கு முன் அரிசி மலிவாக இருந்தபோதே வாங்கி வைத்து, பஞ்சத்தில் தம்மிடமிருந்த பிள்ளைகளையும் உபதேசிமாரையும் காப்பாற்றினார். நாளைக்காகக் கவலைப்படாதவர் நாளைக்கு அரிசி வாங்கி வைப்பாரா என்று சிலர் கேட்கக்கூடும். தமக்காகக் கவலைப்படாதிருந்ததால்தான் பிறருக்காக முன்யோசனை செய்ய அவருக்கு மனம் ஓய்வாக இருந்தது என்பது என் பதில். சுவிசேஷம் விலக்கச் சொல்வது பதற்றத்தை. பத்தாயம் கட்டுவதை அன்று.

இரண்டாவது சான்று பட்டினியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. போர் ஓய்ந்தபின் வரிக் கொடுமை தாங்காமல் குடிகள் தஞ்சைச் சீமையை விட்டே போய்விட்டார்கள். ஜூன் மாதம் தொடங்க வேண்டிய சாகுபடி செப்டம்பர் பிறந்தும் தொடங்கவில்லை. காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். ஆடியில் வரும் புதுத் தண்ணீரில் நாற்று விட்டு ஆவணி, புரட்டாசிக்குள் நட்டு முடித்தால்தான் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வருமுன் பயிர் வேர்பிடித்துத் தண்டு திரண்டு நிற்கும். பிந்தி நட்ட இளம்பயிர் வெள்ளத்தில் அழுகும். மேட்டூர் அணை வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. ஆறு கொடுத்த நாட்களுக்குள் வேலை முடியாவிட்டால் ஓராண்டுச் சோறு போயிற்று. கொடுமை நீங்கும், திரும்பி வாருங்கள் என்று மன்னர் சொல்லியனுப்பினார்; யாரும் நம்பவில்லை. ஸ்வார்ட்ஸ் தம் பெயரில் கடிதம் எழுதியபோது முதலில் கள்ளர் குடிகள் நம்பினார்கள். ஒரே நாளில் ஏழாயிரம் பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். காலம் கடந்துவிட்டது, விரைந்து செய்யுங்கள் என்று அவர் கேட்டுக்கொள்ள, இரவு பகலாக உழைப்போம் என்று சொல்லி வயலில் இறங்கினார்கள். அந்த ஆண்டின் விளைச்சல் முந்திய ஆண்டைத் தாண்டியது. இங்கே உழைப்புக்கும் விசுவாசத்துக்கும் எங்கே சண்டை?

மறுப்புகள் இருக்கின்றன. முதலாவது, ஸ்வார்ட்ஸுக்கு லண்டனிலிருந்த மிஷன் சங்கம் ஒன்றின் உதவியும் கம்பெனியின் சம்பளமும் இருந்தன. சம்பளக்காரருக்கு ஏது கடவுள்மேல் சார்பு? சம்பளம் வந்தது உண்மை. அதே கம்பெனியில் அவரைவிடப் பல மடங்கு வாங்கியவர்கள் தஞ்சையில் நிறைய இருந்தார்கள். அவர்களில் ஒருவர் சொல்லுக்கும் ஒரு மாடுகூட வரவில்லை. இரண்டாவது மறுப்பு கனமானது. அவர் காப்பாற்றிய கோட்டை கம்பெனியின் கோட்டை. அந்த நெல்லைத் தின்று பிழைத்தது நாட்டை விழுங்கவிருந்த படை. இதை மறுக்க முடியாது. அவர் ஆங்கிலேய ஆட்சிக்கு உதவினார் என்பதை ஒப்புக்கொண்டேதான் மேலே பேச வேண்டும். ஆனால் கோட்டைக்குள் செத்துக்கொண்டிருந்தவர்களில் காவிரிக்கரைக் குடிமக்களும் இருந்தார்கள். எதிரி முகாமின் தலைவரான ஹைதரும் இவரை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவிட்டிருந்தார். சோற்றுக்காகச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் என்ற பழைய ஏச்சு மூன்றாவது. மாடு கொண்டுவந்த குடியானவர்களும் திரும்பி வந்த ஏழாயிரம் பேரும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள் அல்லர். மன்னர் துளஜாவும் கடைசிவரை தம் சமயத்திலேயே இருந்து, 1787இல் இறக்குமுன் தம் தத்துப்பிள்ளை சரபோஜியின் பாதுகாப்பை இவரிடம் ஒப்படைத்தார். அந்தச் சரபோஜியும் சமயம் மாறவில்லை. ஆனால் ஸ்வார்ட்ஸ் 1798இல் இறந்தபின், சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் பளிங்கில் நினைவுச் சின்னம் செய்வித்துத் தஞ்சைக் கோட்டை ஆலயத்தில் வைத்தார்.

எனக்குச் சமாதானம் கிடைக்காத மறுப்பு ஒன்று உண்டு. ஸ்வார்ட்ஸின் வாக்கு குடியானவனுக்குக் கிரயம் வாங்கிக் கொடுத்தது. அவனுக்குக் கீழே சேற்றில் நின்ற பண்ணையாளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தது? அன்றாட ஆகாரத்துக்கான ஜெபத்தைத் தஞ்சையில் அப்படியே சொல்லத் தகுந்தவர்கள் அவர்கள்தான். அன்றைய வேலைக்கு அன்றைய படி நெல். அளந்து போடாவிட்டால் அன்றிரவு உலை ஏறாது. சபைகளில் சேர்ந்தவர்களிலும் கணிசமானோர் இந்தச் சாதிகளைச் சேர்ந்தவர்கள். அடிமை முறைக்கு எதிரான சட்டம் 1843இல்தான் வந்தது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. செங்கொடிச் சங்கங்களின் நெடிய போராட்டம் அதற்குப் பின்னால் இருந்தது. அதற்குப் பிறகும், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராற்றில், 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கிறிஸ்துமஸ் இரவில், கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். கடவுள் தருவார் என்ற நம்பிக்கை, அளந்து கொடுக்க வேண்டியவனின் மரக்காலைத் தட்டிக் கேட்காமல் இருந்த இடத்தில் குறைப்பட்டதாகவே இருந்தது. ஸ்வார்ட்ஸ் துபாஷிகளை ஒதுக்கிக் கிரயத்தை உரியவன் கையில் கொடுத்தார். அதே நியாயம் பண்ணைக் களத்துக்குள்ளும் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தக் குறை என் வாதத்தை உடைக்கவில்லை; அந்த வழியில் இன்னும் எவ்வளவு தூரம் போயிருக்க வேண்டும் என்று காட்டுகிறது.

ஹாலேயில் தொடங்கிய வழி தஞ்சையோடு முடியவில்லை. அங்கே படித்த ஜார்ஜ் முல்லர், ஃபிராங்கேயின் முன்மாதிரியால் தூண்டப்பட்டு, 1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அனாதை இல்லம் தொடங்கினார். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது அவருடைய விரதம். ஆண்டுதோறும் வரவு செலவை அச்சிட்டு வெளியிடுவதும் அவர் வழக்கம். திருநெல்வேலிச் சீமையில் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்த அருளப்பனும், டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலும் அந்த வழியில் வந்தவர்கள். இவர்களில் எவரும் கடவுள் தந்ததைத் தம் வீட்டுக்குள் கொண்டுபோய் அடுக்கவில்லை. காணிக்கை விதைத்தால் நூறு மடங்கு அறுக்கலாம் என்று மேடையில் சொல்லி, கணக்குக் காட்டாமல் போகிறவர்கள் இந்தப் பரம்பரையின் பெயரைச் சொல்ல உரிமை இல்லாதவர்கள். டெல்டாச் சபைகளில் இன்றும் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அறுப்பின் பண்டிகையில் நெல்லும் பூசணியும் வாழைத்தாரும் கோழியும் ஆலயத்தில் வந்து குவிகின்றன, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறார்கள். அந்த ஏலப் பணம் எவ்வளவு, அது யார் வீட்டு அடுப்புக்குப் போயிற்று என்பதை அடுத்த ஞாயிறே சபை நடுவில் வாசிக்கும்படி சபையார் கேட்க வேண்டும்.