தந்த வணிகரின் பற்கள்

2008-இல் ஸ்பெயினின் செவில் நகரத்துக்குப் பக்கத்தில், வலென்சினா என்ற ஊரில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கிட்டத்தட்ட 5,000 வருஷம் பழசு. உள்ளே ஒரே ஒரு ஆள். கூடவே ஒரு முழு ஆப்பிரிக்க யானைத் தந்தம், தீக்கோழி முட்டை ஓடு, அம்பர், சக்கிமுக்கிக் கல்லில் செய்த குறுவாள். பின்னால் வந்தவர்கள் இந்தக் கல்லறைக்கு மேலேயே இன்னும் பொருட்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தந்தப் பிடி போட்ட படிகக் குறுவாள் அதில் ஒன்று. செத்துத் தலைமுறைகள் கழிந்தும் சீர் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

எலும்புகள் மோசமான நிலையில் இருந்தன. இடுப்பெலும்பு ஒழுங்காகக் கிடைத்தால் ஆணா பெண்ணா என்று சொல்லலாம், அதுவும் சிதைந்திருந்தது. 'அநேகமாக ஆண், 17-இலிருந்து 25 வயது' என்று பதிவு செய்தார்கள். அந்த 'அநேகமாக' சீக்கிரமே உதிர்ந்துபோனது. 'தந்த வணிகர்' என்று பேரும் வைத்தாயிற்று. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் டீஃபால்ட் வேல்யூ தானாக வந்து உட்காருமே, அப்படி.

பதில் பல்லில் இருந்தது. எனாமல் உருவாகும்போது அதற்குச் சாரம் கட்டுவது அமெலோஜெனின் என்ற புரதம். வேலை முடிந்ததும் நொதிகள் சாரத்தை வெட்டி அப்புறப்படுத்திவிடும். ஆனாலும் சில துண்டுகள் தாதுப் படிகங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தில் ஆயிரக்கணக்கான வருஷம் தாக்குப்பிடிக்கின்றன.

வெளியே எடுப்பதுதான் சிக்கல். நடுநிலையான பிஹெச்சில் இந்தப் புரதம் கரைய அடம்பிடிக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் திரளும். அமிலத்தில் போட்டால் மூலக்கூறுகள் எல்லாம் நேர்மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரைந்துவிடும். அதே அமிலம் பிடித்து வைத்திருக்கும் தாதுவையும் அரிக்கும். (எலுமிச்சை சோடாவை விடச் சொல்லி என் பல் டாக்டர் திட்டுவது இந்த இரண்டாவது காரணத்துக்காக.)

2017-இல் வெளியான முறை ரொம்ப எளிமை. பல்லின் மேற்பரப்பை 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிஷம் தொட வைக்கிறார்கள். முதல் கழுவல் அழுக்கோடு குப்பைக்கு. இரண்டாவது கழுவலில் வரும் புரதத் துண்டுகள் நிறைமாலைமானிக்கு. அமெலோஜெனினுக்கு எக்ஸ் குரோமோசோமில் ஒரு பிரதி, ஒய்யில் ஒரு பிரதி. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒய் பிரதியில் மெத்தியோனின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் கூடுதலாக இருக்கும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கும் ஒரு எழுத்து டிஃப். அவ்வளவுதான்.

2023-இல் முடிவு வந்தது. தந்த வணிகரின் பற்களில் எக்ஸ் பிரதி மட்டுமே. அவர் பெண்.

'இல்லை' என்பதும் 'கிடைக்கவில்லை' என்பதும் வேறுவேறு என்று எந்தப் புரோகிராமரும் சொல்வார். இந்தியாவிலும் இலங்கையிலும் சில ஆண்களுக்கு ஒய்யில் அந்த மரபணுவே விடுபட்டிருக்கிறது. அவர்கள் பல்லைச் சோதித்தால் 'பெண்' என்றுதான் வரும். அது அபூர்வம் என்பதால் வலென்சினா முடிவை நான் நம்புகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தக் கல்லறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் மொண்டெலீரியோ என்ற பெரிய கல்லறை இருக்கிறது. அங்கே புதைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பலர் ஆடம்பரமான அணிகலன்களோடு. இது எலும்புகளை வைத்தே, 2023-க்கு முன்பே தெரிந்திருந்தது. அப்போதும் வணிகர் ஆணாகவேதான் இருந்தார்.