மத்தியாஸ் பெரெஸைப் போல: ஹவானாவின் சொலவடை ஒன்றின் தோற்றம்

கடன் வாங்கியவர் தலைமறைவானாலும், விருந்துக்கு வந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினாலும் கியூபர்கள் சொல்வது இதுதான்: "மத்தியாஸ் பெரெஸைப் போலப் பறந்துவிட்டார்." இதை நகர்ப்புறக் கட்டுக்கதைகளோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அந்த வகைப்பாடு பாதிதான் சரி. பெரெஸ் வாழ்ந்தார், பறந்தார், திரும்பவில்லை. இதுவரை வரலாறு, கட்டுக்கதை ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

ஹவானாவுக்கு பலூன் புதிதல்ல. 1828இல் பிரெஞ்சு வான்பயணி யூஜீன் ராபர்ட்சன் அங்கே பறந்து காட்டினார். 1831இல் உள்ளூர்வாசியான தொமிங்கோ பிளினோ பறந்தார். இருவரும் பத்திரமாகத் தரையிறங்கினர். இருவர் பெயரிலும் சொலவடை எழவில்லை.

1856இல் யூஜீன் கோதார் ஹவானா வந்தார். பின்னாளில் பாரிஸ் முற்றுகையின்போது நகரத்திலிருந்து கடிதங்களைச் சுமந்து சென்ற பலூன்களைச் செய்த கோதார் சகோதரர்களில் ஒருவர். 1873இல் ஜூல் வெர்னை அமியான் நகரில் வானில் ஏற்றிச் சென்றவரும் இவரே. ஹவானாவில் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தவர் போர்ச்சுகலில் பிறந்த மத்தியாஸ் பெரெஸ். கடைவீதிகளில் வெயிலை மறைக்கும் துணிப்பந்தல்களைத் தைத்து விற்று, 'பந்தல்களின் அரசர்' என்று பெயரெடுத்தவர். துணியின் இழுவையும் தையலின் வலுவும் தெரிந்த கைக்கு பலூன் முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது என்பது என் ஊகம். 'பாரிஸ் நகரம்' என்று பெயரிட்ட பலூனை கோதாரிடமிருந்தே அவர் விலைக்கு வாங்கினார்.

ஜூன் 12 அன்று தனியாக ஏறி, உயிரோடு இறங்கினார். அடுத்த முறை ஜூன் 28, மாலை. காம்போ தே மார்த்தே திடலில் கூட்டம் திரண்டிருந்தது (இன்று அங்கே சகோதரத்துவப் பூங்கா இருக்கிறது). பலூன் மேற்கே நகர்ந்து அல்மெந்தாரெஸ் ஆற்று முகத்துவாரமான லா சோர்ரேராவுக்கு மேலே போயிற்று. இறங்கிவிடும்படி மீனவர்கள் கத்தியதாகவும், அவர் மணல்மூட்டைகளை வீசி மேலும் உயர்ந்ததாகவும் சொல்வார்கள். அதன்பின் அவரை யாரும் காணவில்லை.

சில நூல்கள் நாளை 29 என்கின்றன. அந்த ஆண்டு 28 சனிக்கிழமை. 29 ஞாயிறு, புனித பேதுரு பவுல் திருநாளும்கூட. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிய நாள் என்பதால், காலப்போக்கில் நினைவு அதைத் திருநாளுக்கு நகர்த்தியிருக்கலாம்.

தடயம் கிடைக்காததில் மர்மம் பெரிதாக இல்லை. அக்காலத்து பலூனைத் திருப்ப வழியில்லை. மணலைக் கொட்டினால் ஏறும், வாயுவைத் திறந்துவிட்டால் இறங்கும். திசை காற்றின் கையில். லா சோர்ரேராவைத் தாண்டினால் புளோரிடா நீரிணை. அங்கே பாயும் வளைகுடா நீரோட்டம் மிதக்கும் எதையும் அட்லாண்டிக் பக்கம் இழுத்துச் சென்றுவிடும். பந்தல்காரர் கடலில் விழுந்திருப்பார் என்பதே நியாயமான முடிவு.

இந்த முடிவு ஹவானாவுக்குப் போதவில்லை. ஏதோ ஒரு தீவில் இறங்கினார், காதலில் மனமுடைந்து வேண்டுமென்றே போனார் என்றெல்லாம் கதைகள் கிளைத்தன. இவற்றில் காலத்தைத் துல்லியமாகக் காட்டிக்கொடுப்பது 'பெர்முடா முக்கோணம்' அவரை விழுங்கியது என்ற கூற்று. வின்சென்ட் காடிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் அந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததே 1964இல். ஆக, நிகழ்வுக்கு நூறாண்டுகளுக்கும் பிந்தைய ஒட்டு அது. மற்ற கதைகளின் வயதை இப்படி எளிதில் கணிக்க முடியாது.

ஹவானாவுக்கு மேற்கேயுள்ள குவாத்தாவோ சிற்றூரின் பெயரில் வழங்கும் இன்னொரு சொலவடையை இதனருகே வைத்துப் பார்க்கலாம். கொண்டாட்டம் அடிதடியில் முடிந்தால் "குவாத்தாவோ விருந்தைப் போல முடிந்தது" என்பார்கள். அந்த விருந்து எந்த ஆண்டு, சண்டை எதற்கு என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். அங்கே நிலையாக இருப்பது ஊர்ப்பெயர் மட்டுமே. பெரெஸ் கதையிலோ ஆள், பலூன், திடல், ஆண்டு எல்லாம் உறுதி. முடிவு மட்டுமே காலி. இரண்டையும் 'கட்டுக்கதை' என்ற ஒரே பெட்டியில் போடுவது சொலவடை ஆய்வுக்கு உதவாது. முதலாவது, நிகழ்வே கரைந்துபோன பின்னும் நிற்கும் பேச்சு. இரண்டாவது, பதிவான ஒரு நிகழ்வின் விடுபட்ட கடைசிப் பக்கத்தை ஊரே எழுதிக்கொண்டது.