தாலியில் அமர்ந்த தெய்வம்

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனையை நோக்கிச் செல்லும் செட்டியார் தெரு, கதிரேசன் கோயில்களுக்கும் பொன்நகைக் கடைகளுக்கும் பெயர்பெற்றது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தம் வணிகத்தோடு முருக வழிபாட்டையும் அங்கு நிலைபெறச் செய்தனர். அக்கோயில்களின் அயலிலேதான் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் மணவினைக்குரிய தாலிகள் உருவாகி வந்துள்ளன.

ஈழத்துச் சைவர் தாலியிற் பிள்ளையார், இலக்குமி முதலிய திருவுருவங்களைப் பொறிப்பது மரபு. இடையூறு களைபவர் பிள்ளையார். செல்வமும் மங்கலமும் அருள்பவள் திருமகள். இல்லறம் புகுவோர் வேண்டுவன இவையே அன்றோ?

திருமணத்திற்கு முன் நன்னாளொன்றிற் பொன்னுருக்கல் நிகழும். மணமகன் இல்லத்தில், மஞ்சளிற் பிடித்த பிள்ளையாருக்கு வழிபாடு செய்து, உற்றார் முன்னிலையிற் பொற்கொல்லர் பொன் நாணயத்தை உருக்குவார். உருகிய பொன் மணமகன் கைக்கு வந்து, தாலி செய்வதற்காக மீண்டும் பொற்கொல்லரிடம் ஒப்படைக்கப்படும். பொன்னின் தூய்மைக்குச் சபையே சாட்சி.

1983 யூலை வன்செயலில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் பல தீக்கிரையாயின. குடும்பங்கள் கடல்கடந்து சிதறின. ஆயினும் இச்சடங்கு அவர்களோடு இலண்டனுக்கும் தொறொன்ரோவுக்கும் சென்றது. வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளில் உலை மூட்ட வசதியற்ற சிலர், நகைக் கடையிலேயே அதனை நடத்துகின்றனர்.

அச்சில் வார்த்த தாலிகள் இன்று ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அவற்றிலும் பிள்ளையார் வீற்றிருக்கிறார். ஆனால், சுற்றத்தார் காண ஒருவர் கையிற் பொன்னை ஒப்படைக்கும் நம்பிக்கையை எந்த அச்சும் வார்த்துத் தராது.